நிறுத்தும் தேதி எழுதாத மாத்திரை

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் சித்தி தன் மருந்துகளை ஒரு நீல நிற பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, அப்புறம் "கேஸ்ட்ரிக் மாத்திரை". சென்ற ஆண்டு அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மருந்து வாங்கும் முகப்பில் இருந்த இளம் மருந்தாளர் அந்தக் கேஸ்ட்ரிக் மாத்திரையை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"ஆன்ட்டி, இதை எப்ப சாப்பிடுறீங்க?"

"பசியாறி முடிச்சப்புறம்தாம்மா. வெறும் வயித்துல மாத்திரை போடலாமா?"

"எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் விரல்விட்டு எண்ணினேன். ஆறு வருடம். முழங்கால் வலிக்கு ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தபோது, வயிறு புண்ணாகாமல் இருக்க இதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வலி மாத்திரை மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. அதற்குத் துணைக்கு வந்தது நிற்கவில்லை. அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் பழைய பட்டியலைப் பார்த்துத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். நடுவில் தீர்ந்துபோனால் ஊரிலிருந்து வருகிறவர்கள் அட்டை அட்டையாக வாங்கி வந்தார்கள். ஏன் சாப்பிடுகிறோம் என்று சித்தியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த மாத்திரைகள் கெட்டவை என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. இவை பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்துகள். தொடங்கிய நாள் தெரிந்தும் நிறுத்தும் நாளை யாரும் எழுதாமல் விட்டதுதான் எங்கள் வீட்டில் நடந்த தவறு. பல வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது என்பது, அதன் பிறகு தெரிந்தவர்களிடம் பேசியபோது புரிந்தது.

ஒரே சொல்லுக்குள் பல நோய்

சிங்கப்பூரில் நாம் "கேஸ்ட்ரிக்" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். நேரத்துக்குச் சாப்பிடாமல் வரும் வயிற்று வலி கேஸ்ட்ரிக். சாப்பிட்டதும் வயிறு கல்லாக உப்பிக்கொள்வது கேஸ்ட்ரிக். நெஞ்சு எரிவதும் கேஸ்ட்ரிக். ஆனால் தமிழில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. பசி எரிச்சல் வேறு, உப்புசம் வேறு, புளித்த ஏப்பம் வேறு. சாப்பிட்டது தொண்டைவரை திரும்பி வருவதைப் பாட்டிமார் "எதுக்களிக்குது" என்பார்கள். ஆசிட் ரிஃப்ளக்ஸ் என்று மருத்துவர் சொல்வது அந்த எதுக்களிப்பைத்தான். மருத்துவரிடம் போகும்போது "கேஸ்ட்ரிக்" என்று மட்டும் சொல்லாமல் இந்தப் பழைய சொற்களில் சொல்லிப் பாருங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எதுக்களிப்பால் வரும் நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நன்றாகவே கேட்கும். வெறும் உப்புசத்துக்கும் வாயுவுக்கும் அது பெரிதாக எதையும் செய்துவிடாது.

இது நம்மவர்களை அதிகம் தொடும் விஷயம் என்பதற்கு ஓர் ஆதாரம் இங்கேயே இருக்கிறது. சிங்கப்பூரின் மூன்று இனத்தவரிடமும் எதுக்களிப்பு அறிகுறிகளைக் கேட்டறிந்த ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. சீனர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், மலாய்க்காரர்களில் 3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களில் 7.5 விழுக்காட்டினருக்கும் அந்தத் தொல்லை இருந்தது. இது பழைய கணக்கு, இன்றைய எண்கள் மாறியிருக்கும். ஆனால் ஒரே தீவில், ஒரே உணவங்காடியில் சாப்பிடுகிறவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு வார்த்தை, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. "வாயு பிடிச்சிருக்கு" என்று நாம் சொல்லும் நெஞ்சு வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருவதுண்டு. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, வேர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

கையில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர் "ப்ரஸோல்" என்று முடிந்தால் அது பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: ஒமெப்ரஸோல், எஸோமெப்ரஸோல், பான்டோப்ரஸோல், லான்சோப்ரஸோல், ரபெப்ரஸோல். மருத்துவர்கள் சுருக்கமாகப் பிபிஐ என்பார்கள், அதாவது புரோட்டான் பம்பைத் தடுப்பவை.

வயிற்றுச் சுவரில் உள்ள செல்கள் நுண்ணிய பம்புகள் வழியாக அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. பிபிஐ வயிற்றுக்குள் வேலை செய்வதில்லை. குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றிவந்து அந்த செல்களை அடைகிறது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பம்பைப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. பூட்டிய பம்பு திரும்ப ஓடாது, உடல் புதிய பம்புகளைச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விட்டாலும் அதன் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓடும் பம்பைத்தான் அதனால் பிடிக்க முடியும். பம்புகள் ஓடத் தொடங்குவதோ நாம் சாப்பிட உட்காரும்போது. ஆகவே மாத்திரை அதற்கு முன்பே ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் என்று சொல்வது இதற்காகத்தான். எந்த மாத்திரையானாலும் சாப்பிட்ட பிறகு என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். சித்தி ஆறு வருடமாக இட்லியும் தே தாரிக்கும் முடிந்த பிறகு அதைப் போட்டு, அதன் பலனில் ஒரு பகுதியை வீணாக்கியிருக்கிறார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பிபிஐ எதுக்களிப்பை நிறுத்துவதே இல்லை. உணவுக்குழாயும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் வால்வு போல இருக்கிறது. அது தளர்ந்தால் வயிற்றில் இருப்பது மேலே வருகிறது. மாத்திரை போட்டாலும் வால்வு தளர்ந்தேதான் இருக்கும், மேலே வருவதும் வரும், அதில் அமிலம் குறைவாக இருப்பதால் எரிவதில்லை, அவ்வளவுதான். சாப்பிடும் நேரம், படுக்கும் விதம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் ஏன் முக்கியம் என்பது இந்த இடத்தில் புரிந்துவிடும். வால்வின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்க அவைதான் இருக்கின்றன.

ஒமெப்ரஸோல் சுவீடனில் உருவாகி 1988இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் சிமெடிடின், ரானிடிடின் போன்ற மாத்திரைகள் இருந்தன. அவற்றுக்கும் முன்னால், வயிற்றுப் புண் முற்றினால் கத்திதான். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் பிபிஐ ஒரு வரம். ரானிடிடினில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது தெரிந்து, 2019 செப்டம்பரில் நமது சுகாதார அறிவியல் ஆணையம் எட்டு வகை ரானிடிடின் மருந்துகளின் விற்பனையை நிறுத்தியது நினைவிருக்கலாம். அது அந்த மருந்தின் சிக்கல். பிபிஐகளையும் ரானிடிடினின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாமோடிடினையும் அதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பினால் இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எலும்பை உடைக்கும், ஞாபகத்தை அழிக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் ஆய்வு இருப்பது உண்மைதான். ஆனால் எந்த மாதிரி ஆய்வு என்று பார்க்க வேண்டும். பிபிஐ சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள், பல மருந்து சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு நோய் அதிகம் வருவதற்கு மாத்திரை காரணமா, ஏற்கெனவே இருந்த உடல்நிலை காரணமா என்று ஆவணங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குடை பிடித்தவர்கள் நிறைய இருக்கும் தெருவில் மழை பெய்யும்தான், குடை மழையைக் கொண்டுவரவில்லை.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை என்று குலுக்கிப் போட்டுக் கொடுத்து, காத்திருந்து பார்ப்பது. அப்படிப்பட்ட பெரிய சோதனையின் முடிவு 2019இல் வந்தது. 17,598 இதய, ரத்தக்குழாய் நோயாளிகள், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், பான்டோப்ரஸோல். எலும்பு முறிவு, சிறுநீரக நோய், நிமோனியா, மறதி நோய் எதிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடல் தொற்று மட்டும் கூடியிருந்தது: வெற்று மாத்திரைக்காரர்களில் 1 விழுக்காடு, மருந்து சாப்பிட்டவர்களில் 1.4 விழுக்காடு. இதைப் படித்தபோது எனக்கு மனம் லேசானது. அதே சமயம் மூன்று ஆண்டு என்பது சித்தியின் ஆறு ஆண்டில் பாதிதான் என்பதும் உறைத்தது.

குடல் தொற்று கூடுவதற்குக் காரணம் எளிது. வயிற்று அமிலம் நம் முதல் காவல்காரன். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அதுதான் கொல்கிறது. காவலைக் குறைத்தால் சால்மொனெல்லா போன்றவை எளிதாக உள்ளே நுழைகின்றன. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால் தண்ணீரிலும் வெளிச்சாப்பாட்டிலும் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

அபூர்வமானாலும் மருத்துவர்கள் ஐயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் ஆபத்துகள் இரண்டு. ஒன்று, மெக்னீசியம் குறைவது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் இதைப் பற்றி எச்சரித்தது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு வருகிறது. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. கெண்டைக்கால் பிடிப்பு, படபடப்பு என்று காட்டும். இரண்டாவது, சிறுநீரகத்தில் திடீரென வரும் ஒவ்வாமை அழற்சி. எலும்பு முறிவுக்கும் 2010இல் எச்சரிக்கை வந்தது, அது நீண்ட காலம், அதிக அளவு சாப்பிடுகிறவர்களைப் பற்றியது. மறதி நோய் பற்றி 2016இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு பெரிய பரபரப்பைக் கிளப்பியது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை.

மருந்தோடு மருந்து மோதுவதும் உண்டு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் என்ற மருந்தைச் சாப்பிடுவார்கள். அதன் வேலையை ஒமெப்ரஸோலும் எஸோமெப்ரஸோலும் குறைக்கக்கூடும், மருத்துவர் வேறு ப்ரஸோலைக் கொடுப்பார். தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் அமிலம் குறைந்த வயிற்றில் சரியாக ஏறாது.

ஊரிலிருந்து வரும் அட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயருக்குப் பின்னால் "டி" என்று ஓர் எழுத்து இருந்தால் உள்ளே பெரும்பாலும் டொம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கும். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014இல் அதைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றது. "கேஸ்ட்ரிக் மாத்திரைதானே" என்று மாதக் கணக்கில் அதை விழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள். திட்டமாட்டார்.

கால் எரிச்சலுக்குப் பின்னால்

சித்தியின் கதையில் மிகவும் கனமான பகுதி இதுதான். இரண்டு வருடமாக அவருக்குப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. இரவில் எரிச்சல். சர்க்கரை நோய் இருக்கிறதே, அதனால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். மருந்தாளர் பேசிய அன்று மருத்துவர் ரத்தத்தில் பி12 அளவையும் பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது.

பி12 சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் தேவை. அமிலம் இல்லையென்றால் சாப்பிட்டும் சேராது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பிபிஐ சாப்பிட்டவர்களுக்குப் பி12 குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மினும் தனியாகப் பி12ஐக் குறைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்து கிடைப்பதே கொஞ்சம்.

இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர்களிடையே சர்க்கரை நோய் அதிகம், அதனால் மெட்ஃபார்மின் அதிகம். நம்மில் சைவர்கள் கணிசமானவர்கள். சித்தி போல வெள்ளி, செவ்வாய், புரட்டாசி, தைப்பூச விரதம் என்று ஆண்டில் பாதி நாள் மீனைத் தொடாதவர்களும் நிறைய. அதன் மேல் காரணம் மறந்துபோன ஒரு பிபிஐ. பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும், நடை தடுமாறும், ஞாபகமும் மங்கலாம். சர்க்கரையால் வரும் நரம்புச் சேதத்துக்கும் அதே முகம். ஒன்று மற்றொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். நீண்ட நாள் விட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மெட்ஃபார்மினும் பிபிஐயும் சேர்த்துச் சாப்பிடும் அம்மாவோ மாமனாரோ வீட்டில் இருந்தால், அடுத்த சந்திப்பில் "பி12 பார்க்கலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

நிறுத்தினால் ஏன் திரும்ப எரிகிறது

சரி, தேவையில்லை என்றால் நிறுத்திவிடலாமே? சித்தி ஒருமுறை தானாகவே நிறுத்திப் பார்த்திருக்கிறார். நான்காம் நாள் நெஞ்சு தீயாக எரிந்தது. "பாரு, இது இல்லாம என்னால முடியாது" என்று திரும்ப ஆரம்பித்துவிட்டார்.

அந்த எரிச்சல் பழைய நோய் திரும்பி வந்ததன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமிலம் குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி, "இன்னும் சுர, இன்னும் சுர" என்று செல்களை விரட்டுகிறது. பம்பு பூட்டிக் கிடப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. மாத்திரையை நிறுத்தியதும் பூட்டப்படாத புதிய பம்புகள் ஓடத் தொடங்குகின்றன, விரட்டல் இன்னும் ஓயவில்லை, அமிலம் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டுகிறது. இதை டென்மார்க்கில் அழகாகச் சோதித்தார்கள். எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் எஸோமெப்ரஸோல் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற அறிகுறிகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 விழுக்காடு. 2009இல் இது வெளிவந்தது. நோயே இல்லாதவருக்கும் மாத்திரையை நிறுத்துவதே நோயைக் காட்டுகிறது என்றால், நான்காம் நாள் எரிச்சலை வைத்து "எனக்கு இது ஆயுள் மருந்து" என்று முடிவு செய்வது எவ்வளவு தவறு!

மருத்துவர் சித்திக்குச் சொன்ன வழி இது. முதல் நான்கு வாரம் பாதி அளவு. அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு நிறுத்தம். நடுவில் எரிந்தால் ஆல்ஜினேட் மருந்து, அது வயிற்றில் உள்ளதன் மேல் ஆடை போல மிதந்து மேலே வராமல் தடுக்கும். ஒரேயடியாக நிறுத்துவதும் சிலருக்குச் சரிதான், சில வாரம் எரிச்சல் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ வீட்டில் கல்யாணம் இருக்கும்போதோ தொடங்க வேண்டாம்.

ஆனால் எல்லோரும் நிறுத்தக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், அதன் உட்சுவர் மாறிய பேரட் நிலை உள்ளவர்கள், வயிற்றில் ரத்தம் கசிந்த வரலாறு உள்ளவர்கள், ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்தும் சாப்பிடும் முதியவர்கள் ஆகியோருக்குப் பிபிஐ ஒரு கவசம். அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டால், நான் எழுதாமலே இருந்திருக்கலாம். விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையைப் பற்றி யோசிக்காமல் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். ஹெலிகோபாக்டர் என்ற கிருமி புண்ணுக்குக் காரணமாக இருந்தால் அதைப் பெரும்பாலும் ஒரு மருந்துத் தொகுப்பில் ஒழித்துவிடலாம். அதைச் சோதிக்காமல் வருடக் கணக்கில் அமிலத்தை மட்டும் அடக்கிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இரவு ஒன்பதே முக்கால்

மாத்திரைக்கு மாற்று என்று கேட்டால் நம்மவர்கள் உடனே உணவுப் பட்டியலுக்குப் போவார்கள்: புளி கூடாது, காரம் கூடாது, காப்பி கூடாது. எனக்கு அந்தப் பட்டியலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒருவருக்கு ரசம் ஒத்துக்கொள்ளும், இன்னொருவருக்கு ஒரு தக்காளித் துண்டே போதும். கொழுப்பும் எண்ணெயும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் பொரித்த வடை, முர்தபா, தேங்காய்ப்பால் கறிகள் பலருக்குத் தொல்லை தரும். இரண்டு வாரம் சாப்பிட்டதையும் எரிந்ததையும் குறித்து வைத்தால் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் துறக்க வேண்டியதில்லை.

கைவைத்தியத்தில் மூன்றைப் பற்றி மட்டும் ஒரு சொல். பால் குடித்தால் முதலில் குளிர்ச்சி, பிறகு அதுவே அமிலத்தைத் தூண்டும். சோடா உப்புக் கலந்த பொங்கும் தூளில் உப்புச்சத்து ஏராளம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. அதிமதுரமும் நாள்தோறும் எடுத்தால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும். சீரகத் தண்ணீரும் மோரும் குடித்துக்கொள்ளுங்கள், பிடித்திருந்தால்.

நேரம்தான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். ஜப்பானில் 2005இல் வந்த ஓர் ஆய்வு, இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக விடுகிறவர்களையும் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ விடுகிறவர்களையும் ஒப்பிட்டது. முதல் தரப்புக்கு எதுக்களிப்பு நோய் இருக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். இந்த ஊரின் இரவு எப்படி என்று நமக்குத் தெரியும். வேலை முடிந்து, ரயில் பிடித்து, வீடு வந்து, குளித்துச் சாப்பிட உட்கார ஒன்பதரை. பத்தரைக்குப் படுக்கை, காலையில் ஐந்தரைக்கு எழ வேண்டுமே. வார இறுதியில் நள்ளிரவுப் பரோட்டா. விடுதிகளில் தங்கும் ஊழியர்கள் பலருக்கு நாள் முழுதும் வேலை, இரவில்தான் வயிறு நிறையச் சாப்பாடு, உடனே தூக்கம். அவர்களிடம் "சீக்கிரம் சாப்பிடுங்கள்" என்பது எளிது, அவர்கள் கையில் அந்த நேரம் இல்லை. அவர்களுக்குச் சொல்லக்கூடியது, இரவில் அளவைக் குறைத்து மாலை இடைவேளையில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது, இடது பக்கமாகப் படுப்பது.

இடது பக்கம் என்பது பாட்டி சொல்வது மட்டுமல்ல. அப்படிப் படுக்கும்போது வயிறு உணவுக்குழாய்க்குக் கீழே அமைகிறது. மேலே வந்த அமிலம் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. வலது பக்கம் படுத்தால் தலைகீழ். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைப்பதும் நல்ல பலன் தரும். தலையணை மேல் தலையணை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும், அது எதிர்வேலை.

எடையும் பேசுகிறது. அமெரிக்கத் தாதியரை வைத்துச் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், உடல் எடைக் குறியீடு 3.5 புள்ளிக்கு மேல் குறைந்தவர்களுக்கு அடிக்கடி வரும் நெஞ்செரிச்சல் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆசியர்களுக்கு அந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்பது சிங்கப்பூரின் அளவுகோல். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் வால்வை அழுத்துகிறது, அது நமக்குக் கைவந்த இடம். புகைப்பதை விடுவதும் வால்வுக்கு நல்லது.

ஏப்பத்தைப் பற்றியும் ஒன்று. மாத்திரைக்கும் அடங்காத எதுக்களிப்போடு ஓயாமல் ஏப்பம் விடுகிறவர்களுக்கு, வயிறு விரிய மெதுவாக மூச்சை இழுத்துவிடும் பயிற்சி ஏப்பத்தையும் எதுக்களிப்பையும் குறைத்ததாகச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட சிறிய ஆய்வு காட்டியது. செலவில்லாத வைத்தியம்.

சித்தி விஷயத்தில் ஒரு மாதம் கழித்துத்தான் அடிப்படைக் காரணம் தெரிந்தது. சித்தப்பா பேருந்து ஓட்டுகிறார். மாலை முறை முடிந்து வீடு வர ஒன்பதே முக்கால் ஆகும். முப்பது வருடமாகச் சித்தி அவர் வந்த பிறகுதான் தட்டு எடுத்து வைப்பார். இருவரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, உடனே படுக்கை. "அவர் தனியா சாப்பிட்டா எனக்கு மனசு கேக்காது" என்றார். எந்த மருத்துவரும் இதைக் கேட்டிருக்க முடியாது. ஐந்து நிமிடச் சந்திப்பில் சித்தியும் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது அவர் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறார். சித்தப்பா வந்ததும் சாதம் போட்டு வைத்துவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரோடு எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். கட்டிலின் தலைமாட்டில் சித்தப்பா தானே அறுத்துக் கொண்டுவந்த இரண்டு மரக்கட்டைகள். பி12 மாத்திரை நாள்தோறும். பாதத்தின் எரிச்சல் குறைந்திருக்கிறது, விரல் நுனிகளில் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது. பிபிஐயை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாவது வாரத்தில் இரண்டு இரவு நன்றாக எரிந்தது, பிறகு இல்லை. டின்னின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று கட்டம்: எதற்காக, எப்போது தொடங்கியது, எப்போது மறுபரிசீலனை. கடைசிக் கட்டத்தை நிரப்பச் சொல்லி, அடுத்த மாதச் சந்திப்புக்கு அந்த மூடியையே கையில் எடுத்துப் போகப் போகிறாராம்.